மலைச்சுவரில் ஒரு வாசல்: பாலக்காட்டுக் கணவாய் ஒலி ஆவணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர் வாசகசாலையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். புத்தகத்துக்குப் பதிலாக, காதால் கேட்கிற ஏதாவது ஒன்றைப் போட்டுக் கேட்போம். பிறகு காரசாரமாகப் பேசுவோம். பேசியதை யாராவது ஒருவர் மதிப்புரையாக எழுதுவார். போன மாதம் கேட்டது பாலக்காட்டுக் கணவாய் எப்படி உண்டானது என்று தேடிப் போகும் 52 நிமிடத் தமிழ் ஒலி ஆவணம். எழுதும் முறை எனக்கு வந்தது. எழுதியதைப் படித்தவர்கள் சந்தையிலும் பஸ்ஸிலும் நிறுத்திக் கேட்ட கேள்விகளை இங்கே மொத்தமாக வைத்திருக்கிறேன்.

ஆவணத்தைக் கேட்காதவர்களுக்கு: இது எதைப் பற்றியது?

மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கே தபதி ஆற்றுப் பக்கம் தொடங்கி கன்னியாகுமரி வரை சுமார் 1,600 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்தச் சுவரில் உள்ள மிகப் பெரிய இடைவெளிக்குள்தான் நாம் குடியிருக்கிறோம். வடக்கே நீலகிரி, அதில் 2,637 மீட்டர் தொட்டபெட்டா. தெற்கே ஆனைமலை, அந்தப் பக்கம் 2,695 மீட்டர் ஆனைமுடி. நடுவில் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையைக் காணோம். கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர் உயரம், பாலக்காடு டவுன் 84 மீட்டர். பஸ்ஸில் கண்ணயர்ந்தவருக்கு ஒரு மலைத்தொடரைக் கடந்து வந்ததே தெரியாது.

அந்த மலை எங்கே போனது என்பதுதான் ஆவணத்தின் கேள்வி. ஒரு இளைஞர் வாளையாரிலிருந்து பட்டாம்பி வரை பஸ்ஸில் போகிறார். வழியில் ஒரு நிலவியல் ஆசிரியர், இரண்டு விவசாயிகள், ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் என நான்கு பேரிடம் பேசுகிறார்.

ஒலி ஆவணப்படம் என்று எழுதாமல் ஒலி ஆவணம் என்று எழுதுவது ஏன்?

படமே இல்லாத ஒன்றை ஆவணப்படம் என்று சொல்ல எங்கள் தமிழ் வாத்தியாருக்கு மனசு வரவில்லை. ஒலிச்சித்திரம் என்று வைக்கலாமா என்று பார்த்தோம். அந்தச் சொல்லைக் கேட்டால் வானொலியில் சினிமாவைச் சுருக்கிப் போடுவார்களே, அதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. அதனால் இப்படி.

ஒரே வார்த்தையில்: கேட்கலாமா, வேண்டாமா?

கேட்கலாம். முதல் 20 நிமிடம் அருமை. அடுத்த 20 நிமிடம் குழப்பம். கடைசி 12 நிமிடம் வயலின்.

“மர்மம்” என்ற சொல்லோடு உங்களுக்கு என்ன சண்டை? மதிப்புரை முழுக்க அதைத்தான் இடிக்கிறீர்கள்.

ஆவணத்தில் “யாருக்கும் விடை தெரியாத மர்மம்” என்று ஏழு முறை வருகிறது. நான் எண்ணினேன். யாருக்கும் தெரியாது என்பது உண்மையல்ல. நிறையத் தெரியும். தெரியாத பகுதி எது என்று குறிப்பாகச் சொல்ல முடிகிற அளவுக்குத் தெரியும். ஆவணம் அந்த இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டது.

தெரிந்ததை முதலில் சொல்கிறேன். கணவாயின் வழியாகக் கிழக்கு மேற்காக ஒரு பழைய பலவீனக் கோடு ஓடுகிறது. நிலவியலாளர்கள் பாலக்காடு–காவிரி நறுக்கு மண்டலம் என்கிறார்கள். பூமியின் மேலோட்டுத் துண்டுகள் முட்டி, உரசி, நசுங்கி, ஒட்டிக்கொண்ட தையல் மாதிரி அது. கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் ஒன்று சேர்ந்த காலத்தில், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்த நசுக்கல் நடந்தது. வடக்கே நீலகிரிப் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டு வயதானவை. தெற்கே உள்ள பாறைத்திட்டின் கதை வேறு. இரண்டுக்கும் நடுவில் நம் தோட்டங்களுக்கு அடியில் கிடப்பது பெரும்பாலும் வரிவரியான நைஸ் பாறை. இரண்டு பக்கமும் மலையாக நிற்பது சார்னோகைட் என்ற உறுதியான பாறை.

தெரியாதது இடைவெளி திறந்த விதமும் காலமும். மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்தான விளிம்பு, இந்தியாவும் மடகாஸ்கரும் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்த பிறகு உருவானது என்பதே பரவலான கருத்து. அப்படியானால் தையல் கோடு மலையை விட ரொம்பப் பழையது. வேட்டியில் தையல் போட்ட நாள் ஒன்று, அந்தத் தையலில் அது கிழிந்த நாள் வேறொன்று. ஆவணத்தில் ஆசிரியர் 55 கோடி என்று சொன்ன அடுத்த நிமிடமே, தொகுப்பாளர் “ஆக, 55 கோடி ஆண்டுகளாக இந்த வாசல் திறந்தே கிடக்கிறது” என்கிறார். ஆசிரியர் அப்படிச் சொல்லவே இல்லை. வாசகசாலையில் அந்த இடத்தில் நிறுத்தி, திருப்பிப் போட்டு, மூன்று முறை கேட்டோம்.

சரி, வாசல் எப்படித் திறந்தது என்று ஆவணம் என்ன சொல்கிறது?

மூன்று விளக்கம் தருகிறது. மூன்றுமே நிலவியலாளர்கள் உண்மையில் முன்வைத்தவைதான்.

முதலாவது, பாறை நொறுங்கிய கோட்டில் வெயிலும் மழையும் சுலபமாக வேலை செய்து, இரண்டு பக்க சார்னோகைட் நிற்க, நடுப்பகுதி கரைந்து போனது. இரண்டாவது, நிலம் உடைந்து நடுத்துண்டு கீழே இறங்கியது. மூன்றாவது, கிழக்கே ஓடிய ஒரு ஆறும் மேற்கே ஓடிய ஒரு ஆறும் தலைமாட்டில் ஒன்றையொன்று நோக்கி மலையை அரித்துக்கொண்டே வந்து, நடுவில் சந்தித்தன.

ஆவணம் இந்த மூன்றையும் போட்டி வேட்பாளர்கள் மாதிரி நிறுத்தி, “உங்கள் ஓட்டு யாருக்கு?” என்கிறது. முதலாவதும் மூன்றாவதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. நொறுங்கிய பாறை இருந்தால்தான் ஆறு சீக்கிரம் அரிக்கும். இதை அந்த ஆசிரியரே சொல்ல ஆரம்பிக்கிறார், “இரண்டும் சேர்ந்து…” என்ற இடத்தில் இசை ஏறிவிடுகிறது. எடிட்டிங் மேசையில் உட்கார்ந்தவருக்கு சண்டை வேண்டியிருந்திருக்கிறது.

மடகாஸ்கரில் இதே கணவாயின் மறுபாதி இருக்கிறதாமே?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கதை அழகானது, அதனால் ஆவணமும் அதில் எட்டு நிமிடம் செலவழிக்கிறது.

இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்தன என்பதில் தகராறு இல்லை. மடகாஸ்கரின் தெற்கில் ரனோட்சரா என்றொரு மண்டலம் இருக்கிறது. பழைய கண்டங்களின் வரைபடத்தைப் பொருத்திப் பார்த்த சிலர் அதை நம் பாலக்காட்டுக் கோட்டின் தொடர்ச்சி என்றார்கள். வேறு சிலர், இல்லை, அது தெற்கே செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஓடும் அச்சன்கோவில் கோட்டோடு சேர்வது என்றார்கள். பிறகு ரனோட்சராவில் நேரடியாகக் கள ஆய்வு செய்தவர்கள், அது வரைபடத்தில் நீட்டிப் போட்ட அளவுக்கு நீளமான ஒரே நறுக்குக் கோடுதானா என்றே கேள்வி எழுப்பினார்கள். ஆவணம் இவற்றில் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, “கடலுக்கு அப்பால் நம் கணவாயின் இரட்டைப் பிறவி” என்று முடித்துவிட்டது. உறவு இருக்கலாம். ஜாதகம் இன்னும் பொருந்தி முடியவில்லை.

படமே இல்லாமல் நிலப்படத்தை எப்படிப் புரிந்துகொள்வது? எனக்குத் திசையே பிடிபடவில்லை.

உங்கள் குற்றமில்லை. நிலத்தைப் பற்றிய ஒலி ஆவணத்துக்குப் பெரிய சோதனையே இதுதான். “வடக்கே, தென்கிழக்கே” என்று வாயால் சொல்லிக்கொண்டே போனால் மூன்றாவது திசையில் கேட்பவர் இறங்கிவிடுவார்.

முதல் 20 நிமிடத்தை அருமை என்று சொன்னேனே, காரணம் அங்கே திசையைச் சொல்லாமல் கேட்க வைக்கிறார்கள். வாளையாரில் லாரிகள் கியர் மாற்றும் சத்தம். கண்டக்டர் “கஞ்சிக்கோடு, கஞ்சிக்கோடு” என்று கூவ, ஏறுபவர்களின் பேச்சு தமிழிலிருந்து மலையாளத்துக்கு மெதுவாக நகர்கிறது. வெயில் நேரத்துப் பனங்காட்டுச் சத்தம் போய், பட்டாம்பி அருகில் பாரதப்புழையில் துணி துவைக்கும் சத்தம். மேற்கே போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை, காது போகிறது. எங்கள் கூட்டத்தில் பார்வை இல்லாத அண்ணன் ஒருவர் வருவார். அந்த 20 நிமிடம் முடிந்ததும் அவர் மேசை மேல் விரலால் வரைந்து காட்டினார்: இங்கே மலை, இங்கே மலை, நடுவில் நாம் இப்படிப் போகிறோம் என்று. அதற்கு மேல் ஒரு மதிப்பெண் தேவையில்லை.

அப்புறம் 21-வது நிமிடத்தில் ஸ்டூடியோக் குரல் வந்து பாடம் எடுக்க ஆரம்பிக்கிறது. அண்ணன் கையை மடக்கி வைத்துக்கொண்டார்.

காற்றைப் பற்றி ஏன் அவ்வளவு நீளமாக எழுதினீர்கள்? காற்று இரைச்சலை நீக்குவது நல்லதுதானே?

வேறு ஊரில் நல்லது. இங்கே காற்றுதான் கதாநாயகன்.

தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து வந்து மலைச்சுவரில் முட்டி மழையைக் கொட்டிவிடுகிறது. இடைவெளி இருக்கும் இடத்தில் முட்ட ஒன்றுமில்லை. இரண்டு பக்க மலைக்கு நடுவில் நெருக்கப்பட்டு வேகம் பிடித்துக் கிழக்கே பாய்கிறது. கஞ்சிக்கோட்டிலும், அந்தப் பக்கம் உடுமலை, பல்லடம் வரையிலும் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். மார்கழி, தை மாதங்களில் தலைகீழ். கிழக்கிலிருந்து வறண்ட காற்று இதே வழியாகக் கேரளத்துக்குள் நுழைகிறது, உதடு வெடிக்கிறது. எங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில் மழை குறைவாக இருப்பதும், கேரளத்தில் வேறெங்கும் பார்க்காத கரிசல் மண் இங்கே கிடப்பதும் இந்த வாசலுக்குள் இருக்கும் ஊர்களின் குணம். ஒரு மாநிலத்தின் ரேஷன் கார்டும் இன்னொரு மாநிலத்தின் வானமும் என்று எங்கள் வாத்தியார் சொல்வார்.

இந்த ஆவணம் ஆடி மாதத்தில் பதிவானது. தொகுப்பாளர் “ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்” என்கிறார். எங்களுக்கு அது பழமொழி இல்லை, வருஷா வருஷம் ஓடு மாற்றுகிற செலவு. அப்படிப்பட்ட மாதத்தில் பதிவு செய்துவிட்டு, இரைச்சல் நீக்கும் மென்பொருளில் போட்டுக் காற்றை வழித்து எடுத்திருக்கிறார்கள். விவசாயியின் குரல் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது. எடுத்த காற்றின் இடத்தில் வயலின். மைக்குக்கு ரோமத் தொப்பி போட்டு, பேச்சு நடக்கும் இடத்தில் மட்டும் அடிச்சுருதியைக் கொஞ்சம் வெட்டியிருந்தாலே போதும். ஒரு முழு நிமிடம் பனை ஓலைகள் படபடவென்று அடித்துக்கொள்வதை, யாரும் பேசாமல், அப்படியே விட்டிருக்கலாம். கணவாய் என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் எந்த ஆசிரியரிடமும் கிடைக்காது.

போர்வெல் போடுகிறவரைப் பேட்டி எடுத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். கிண்டலா?

இல்லைங்க, நிஜமாகத்தான். இங்கே பூமிக்குள் என்ன இருக்கிறது என்று தினமும் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒருவர் இருபது வருஷமாக போர் வண்டியில் இருக்கிறார். ஆவணம் முடிந்ததும் அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்தேன்:

“மேல கரிசல், அதுக்குக் கீழ சுக்கான். அப்புறம் வெள்ளையும் கருப்பும் கலந்து மினுக்குற பொடி வரும். எங்க வேலையே கேப் தேடுறதுதான், கேப்புல தானே தண்ணி. ஒரு தோட்டத்துல கேப் கிடைச்சா, அதுக்கு நேரா கிழக்கே மேக்கே போனா இன்னொன்னு கிடைக்கும்னு தைரியமா வண்டியை நிறுத்துவேன். வடக்கே தெக்கே போகச் சொன்னா யோசிப்பேன்.”

இது அளவெடுத்த ஆய்வு இல்லை, ஒருவரின் அனுபவம். ஆனால் கிழக்கு மேற்காக ஓடும் நொறுங்கிய கோடு என்று ஆசிரியர் அரை மணி நேரம் சொன்னதைக் கூட்டம் புரிந்துகொண்டது இந்த நான்கு வரியில்தான். போர் வண்டிச் சத்தம், பாறை மாறும்போது அந்தச் சத்தம் மாறுவது, தண்ணீர் பீய்ச்சும்போது எல்லோரும் கத்துவது: ஒலிக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆவணத்தில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த இடம்?

சார்னோகைட் பெயர்க் கதை. கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறை இருக்கிறது. அதன் கல் சென்னைப் பக்கத்துப் பல்லாவரம் வகைக் கல். ஹாலந்து என்ற நிலவியலாளர் 1893-ல் அந்தக் கல்லறையை வைத்துத்தான் பாறைக்குப் பெயர் வைத்தார். ஆவணத்தில் ஆசிரியர் இதைச் சொல்லிவிட்டு, கையிலிருந்த கல்லை இன்னொரு கல்லால் தட்டுகிறார். கணீர் என்று ஒரு சத்தம். பிறகு கணவாயின் தரையிலிருந்து எடுத்த, வெயில்பட்டுப் போன கல்லைத் தட்டுகிறார். பொத் என்கிறது. மலை ஏன் நிற்கிறது, நடுப்பகுதி ஏன் போனது என்பது மூன்று நொடியில் காதுக்குப் புரிந்துவிடுகிறது. ஒட்டுமொத்த ஆவணத்தையும் அந்த மூன்று நொடிக்காக மன்னிக்கலாம் என்று வாத்தியார் சொன்னார். நான் அவ்வளவு தாராளம் இல்லை.

தகவல் பிழைகள் ஏதாவது?

பெரிதாக ஒன்று. “மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரே இடைவெளி” என்கிறார்கள். செங்கோட்டை–ஆரியங்காவு வழியை விட்டுவிட்டார்களா? ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் சுற்றுவது எதனால்? பெரியது என்று சொல்லலாம், ஒரே என்று சொல்லக்கூடாது.

இன்னொன்று பிழை இல்லை, விடுபட்டது. பொள்ளாச்சிப் பக்கம் ஓடும் ஆழியாறு கிழக்கே காவிரிக்குப் போவதில்லை. மேற்கே திரும்பி, நம் சித்தூர்ப்புழையாகி, பாரதப்புழையில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகிறது. நொய்யலோ வெள்ளியங்கிரியில் பிறந்து கிழக்கே காவிரிக்குப் போகிறது. மாநில எல்லை ஒரு இடத்தில், தண்ணீர் பிரியும் எல்லை வேறு இடத்தில். 1970-ல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாக சித்தூருக்கு வரவேண்டும். அந்தக் கணக்கு எங்கள் ஊர் டீக்கடையில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆறுகள் மலையை அரித்தன என்று பேசும் ஆவணம், இன்றைக்கு எந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்ல மறந்துவிட்டது.

யானை, பறவை பற்றி ஆவணத்தில் இருக்கிறதா?

ஒரு யானைப் பிளிறலும் ஒரு குயிலும் வருகின்றன, அலங்காரத்துக்கு. இங்கேதான் எனக்கு நிஜமாகவே வருத்தம். உயரமான மலையில் மட்டும் வாழும் உயிர்களுக்கு இந்தச் சூடான தாழ்நிலம் ஒரு கடல் மாதிரி. கடக்க முடியாது. நீலகிரிப் பக்கத்து யானைகளும் ஆனைமலைப் பக்கத்து யானைகளும் மரபணுவில் வேறுபடுகின்றன என்று ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். நீலகிரியில் இருப்பது நீலகிரிச் சிரிப்பான், கணவாய்க்குத் தெற்கே கொடைக்கானல், மூணாறு பக்கம் இருப்பது பழனிச் சிரிப்பான். உறவுக்காரப் பறவைகள், ஆனால் இப்போது தனித்தனி இனங்கள். இரண்டின் குரலையும் அடுத்தடுத்துப் போட்டிருந்தால், இடைவெளி எவ்வளவு காலமாக இருக்கிறது என்ற கேள்வியைப் பறவை வாயாலேயே கேட்டிருக்கலாம். படத்தில் செய்ய முடியாததை ஒலியில் செய்யக் கிடைத்த வாய்ப்பு அது. குயிலைப் போட்டுவிட்டார்கள்.

நிலநடுக்கப் பகுதியைக் கேட்டு வீட்டில் பயந்துவிட்டார்கள். கணவாய் மறுபடி பிளக்குமா?

1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் 6 ரிக்டர் அளவை ஒட்டிய நிலநடுக்கம் வந்தது உண்மை. 1994 டிசம்பரில் வடக்காஞ்சேரி அருகே 4.3 அளவில் வந்ததும் உண்மை. பழைய கோடுகளில் இப்படி அசைவு வருவது உண்டு. அதற்காக நிலம் பிளந்து கடல் உள்ளே வராது. அந்த இடத்தில் போட்ட இடிச்சத்தம் ஸ்டூடியோவில் தயாரானது, தைரியமாகத் தூங்கச் சொல்லுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடலாமா?

போடலாம். முதல் 20 நிமிடமும், கல்லைத் தட்டும் இடமும். 1861-ல் பேப்பூர்–திரூர் பாதை திறந்ததும், அடுத்த ஆண்டே மதராஸிலிருந்து இந்தக் கணவாய் வழியாக பேப்பூர் வரை ரயில் ஓடியதும் பற்றி ரயில்வே பெரியவர் பேசுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

“சுரம்” என்ற சொல்லுக்கு ஏன் இரண்டு பத்தி ஒதுக்கினீர்கள்?

வாத்தியார் விடவில்லை. மலையாளத்தில் கணவாயைச் சுரம் என்பார்கள். பழைய தமிழில் சுரம் என்றால் பாலை நிலத்து வழி, தலைவன் பொருள் தேடிப் போகிற கடுமையான பாதை. நமக்கு இப்போது சுரம் என்றால் காய்ச்சல். பங்குனி வெயிலில் கஞ்சிக்கோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு மூன்று பொருளும் ஒன்றுதான் என்று போர் வண்டிக்காரர் சொன்னார்.

மதிப்புரையைத் தயாரித்தவர்களுக்கு அனுப்பினீர்களா?

அனுப்பினோம், மரியாதையான பதில் வந்தது. காற்றை வழித்து எடுத்தது தப்பு என்று ஒத்துக்கொண்டார்கள். “ஒரே இடைவெளி” என்பதைத் திருத்துகிறார்களாம். மர்மம் என்ற சொல்லை மட்டும் எடுக்க மாட்டார்களாம், அது இல்லாவிட்டால் யாரும் கேட்க வரமாட்டார்கள் என்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் வந்தார்கள் என்பதால் நான் அதற்கு மேல் வாதாடவில்லை.

நாங்களே காற்றைப் பதிவு செய்து தரலாமா?

தாருங்கள். செல்போன் போதும். ஜன்னலில் வைக்காதீர்கள். மைக் ஓட்டையைக் காற்று அடிக்காத பக்கம் திருப்பி, மேலே ஒரு மெல்லிய பழைய சாக்ஸை மாட்டி, சுவர் மறைவிலோ வைக்கோல் போர் மறைவிலோ வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். தொடக்கத்தில் ஊர், தேதி, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று வாயால் சொல்லிவிட்டால் போதும். ஆடியில் ஒன்று, மார்கழியில் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. வேலந்தாவளத்திலிருந்து ஒரு அக்கா அனுப்பியதில் முதல் அரை நிமிடம் காற்றே கேட்கவில்லை, அவர் பேரன் “அம்மாயி, ஓடு போச்சு! அம்மாயி, இன்னொண்ணும் போச்சு!” என்று கத்துகிறான். அதை வெட்டாமல் வைத்திருக்கிறோம்.